மணற்காடு பாலைநிலமா? வடமராட்சி கிழக்கில் ஒரு நாள் வெளிக்கள ஆய்வு

புவியியல் : தரம் 10, 11
தொடர்புடைய அலகுகள் : காற்றின் செயற்பாடு, கரையோர நிலவுருவங்கள், இலங்கையின் காலநிலை, தரைக்கீழ் நீர்

மாணவர்களே,

"இலங்கையில் பாலைநிலம் எங்கே உண்டு?" என்று வகுப்பில் கேட்டால், யாழ்ப்பாணத்து மாணவரிற் பலர் தயங்காமல் "மணற்காடு, சேர்" என்று சொல்வதுண்டு. சுற்றுலா விளம்பரங்களிலும் "யாழ்ப்பாணத்தின் பாலைவனம்" என்றே எழுதுகிறார்கள். விடைத்தாள்களிலும் இவ்விடையைக் கண்டிருக்கிறேன். இது பிழையான விடை. ஏன் பிழை என்பதைக் கரும்பலகையில் ஐந்து நிமிடத்தில் எழுதிவிடலாம். ஆனால் அந்த மணலில் ஒரு நாள் நடந்து பார்த்தவர் அதனை மறப்பதில்லை. ஆகவே இப்பாடம் ஒரு நாள் நடையாக எழுதப்பட்டுள்ளது. தரம் 11 மாணவர் சிலருடன் ஒரு மாசி மாதச் சனிக்கிழமை சென்று வந்ததே இதற்கு அடிப்படை. நீங்களும் ஆசிரியருடனோ பெற்றோருடனோ இதே வழியிற் சென்று பார்க்கலாம்.

புறப்படுமுன்

வெளிக்கள ஆய்வு வாசலில் தொடங்குவதில்லை, மேசையில் தொடங்குகிறது. முதல்நாள் மாலை 1:50 000 இடவிளக்கவியற் படத்தை விரித்து வைத்தோம். இப்படத்தில் 2 சென்ரிமீற்றர் நிலத்தில் 1 கிலோமீற்றரைக் குறிக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். பருத்தித்துறையிலிருந்து தென்கிழக்கே கரையோரமாக விரலை ஓட்டுங்கள். வல்லிபுரம், குடத்தனை, மணற்காடு, அம்பன், நாகர்கோவில், செம்பியன்பற்று, தாளையடி, மருதங்கேணி, உடுத்துறை, ஆழியவளை, வெற்றிலைக்கேணி, கட்டைக்காடு, சுண்டிக்குளம் என்று ஊர்கள் ஒரு கயிற்றிற் கோத்த மணிகள் போல வரும். இந்த நிலத்துண்டின் கிழக்கே வங்காள விரிகுடா. மேற்கே வடமராட்சிக் கடனீரேரி. இரு பக்கமும் உப்பு நீர். இதனை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், நண்பகலில் இது தேவைப்படும்.

கொண்டு செல்ல வேண்டியவை அதிகமில்லை. திசையறிகருவி, வெப்பமானி, அளவுநாடா, குறிப்புப் புத்தகம், தொப்பி, ஒவ்வொருவருக்கும் இரண்டு போத்தல் தண்ணீர். மாசி மாதத்தைத் தெரிந்ததற்குக் காரணம் உண்டு. அப்போது மாரி மழை ஓய்ந்து மணல் உலரத் தொடங்கியிருக்கும், வாடைக்காற்று இன்னும் நின்றிராது. ஆடி, ஆவணியில் நண்பகல் மணலில் வெறுங்காலுடன் நிற்க முடியாது.

ஒரு முக்கிய எச்சரிக்கை. இது பல்லாண்டுகள் போர் நடந்த கரை. 2009 இல் போர் முடிந்தபின் கண்ணிவெடி அகற்றும் பணி பெருமளவில் நடந்துள்ளது. எனினும் ஊரவர் நடந்து பழகிய பாதையை விட்டு விலகக்கூடாது, மண்ணிற் கிடக்கும் அறியாத உலோகப் பொருள் எதனையும் தொடக்கூடாது. எச்சரிக்கைப் பலகை கண்ட இடத்தில் திரும்பிவிட வேண்டும்.

காலை : வல்லிபுரம்

பருத்தித்துறையிலிருந்து ஏறத்தாழ 5 கிலோமீற்றரில் வல்லிபுர ஆழ்வார் கோவில். கோவில் வீதியிலேயே மணல் தொடங்கிவிடுகிறது. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டபோது மாணவருக்குச் சுற்றுலா தொடங்கிவிட்ட மகிழ்ச்சி. புரட்டாதிப் பூரணையை ஒட்டி இக்கோவிலின் கடல் தீர்த்தம் நடைபெறும்போது கோவிலிலிருந்து கடற்கரை வரை இம்மணல் மேடுகளில் மக்கள் நிரம்பியிருப்பர்.

வரலாறு படிக்கும் மாணவருக்கும் இவ்விடம் அறிமுகமானது. 1936 இல் இங்கு கண்டெடுக்கப்பட்ட பொற்சாசனம் பிராமி எழுத்தில், பிராகிருத மொழியில் எழுதப்பட்டது. வசப மன்னனின் ஆட்சிக்காலத்தையும் நாகதீபத்தையும் அது குறிப்பிடுகிறது. ஏறக்குறைய 1,900 ஆண்டுகளுக்கு முன்னரே இங்கு ஆட்சியாளரின் கவனத்தைப் பெற்ற குடியிருப்பு இருந்தது என்பது இதனால் விளங்கும். குடிநீரில்லாத இடத்தில் இத்தகைய குடியிருப்பு நிலைக்குமா? இக்கேள்வியையும் குறித்துக்கொண்டு நடந்தோம்.

மணல் எப்படி நடக்கிறது?

குடத்தனையைத் தாண்டிக் கடற்கரைப் பக்கம் திரும்பியதும் மணற்குன்றுகள் தெரிந்தன. அவற்றுட் சில இரண்டு மாடிக் கட்டடத்திலும் உயரமானவை. மாணவர் ஓடி ஏறினார்கள். ஏறும்போது ஒரு பக்கம் இலகுவாகவும் மறுபக்கம் கால் புதைந்து சறுக்குவதாகவும் இருந்தது. முழங்கால் வரை புதைந்த ஒருவனை மற்றவர்கள் இழுத்தெடுத்தார்கள். அவன் அறியாமலே ஒரு பாடத்தைக் கண்டுபிடித்துவிட்டான்.

காற்று வந்து மோதும் பக்கம் மென்சாய்வானது, மணல் இறுகியிருக்கும். காற்றொதுக்குப் பக்கத்தில் மணல் உச்சியிலிருந்து சரிந்து விழுகிறது. உலர்ந்த மணல் ஏறத்தாழ 30 தொடக்கம் 34 பாகை வரையான சாய்விலேயே நிற்கும். அதற்கு மேற்பட்டால் சரிந்துவிடும். ஆகவே ஒரு குன்றின் இரு பக்கச் சாய்வையும் பார்த்தால், அதனை ஆக்கிய காற்று எத்திசையிலிருந்து வந்தது என்று சொல்லலாம். வரிப்படத்தில் இரு பக்கத்தையும் ஒரே சாய்வாக வரைந்தால் புள்ளி குறையும்.

அன்று காலை பத்து மணியளவில் காற்றுச் சற்று வலுத்தது. "சேர், காலிலை ஊசி குத்துற மாதிரிக் கிடக்கு, முகத்திலை ஒண்டுமில்லை" என்றாள் ஒருத்தி. இதுவே துள்ளல் அசைவு. உலர்ந்த மணலைக் கிளப்பக் காற்று மணிக்கு ஏறத்தாழ 20 கிலோமீற்றர் வேகத்தில் வீசவேண்டும். கிளம்பிய மணியும் உயரப் பறப்பதில்லை. சிறிது துள்ளி விழுந்து, விழுந்த இடத்தில் வேறு மணிகளைத் தட்டித் துள்ளச்செய்கிறது. பெரும்பகுதி மணல் நிலத்திலிருந்து ஒரு மீற்றர் உயரத்துக்குள்ளேயே நகர்கிறது. முகம் தப்பியதும் கால் வருந்தியதும் இதனாலேயே. தூசு வேறு, மணல் வேறு. தூசு பல நூறு கிலோமீற்றர் பறக்கும், மணல் தவழ்ந்தே செல்லும்.

மணல் எங்கிருந்து வந்தது? அலைகளும் கரையோர நீரோட்டங்களும் கரையில் குவித்த மணலை, கடலிலிருந்து கரைக்கு வீசும் வாடைக்காற்று உள்ளே தள்ளுகிறது. வைகாசி முதல் புரட்டாதி வரை எதிர்ப்புறமாகச் சோளகம் வீசி, ஏற்கெனவே குவிந்த மணலை அலைக்கழிக்கிறது. எமது முன்னோர் காற்றுக்கு வாடை, சோளகம், கச்சான், கொண்டல் என்று திசைக்கொரு பெயர் வைத்தது கவிதைக்காக அல்ல, படகு விடுவதற்காக. வெளிக்களத்தில் ஊரவரிடம் பேசும்போது இப்பெயர்களைப் பயன்படுத்துங்கள். "வடகீழ் மொன்சூன்" என்று கேட்டால் சிலர் விழிப்பார்கள், "வாடை" என்று கேட்டால் ஒரு மணி நேரம் விளக்கம் தருவார்கள்.

இங்குள்ள மணலிற் பெரும்பகுதி படிகக்கல்லாகிய சிலிக்கா. அம்பன், நாகர்கோவில், வல்லிபுரம் ஆகிய இடங்களின் சிலிக்கா மணல் கண்ணாடிக் கைத்தொழிலுக்கு ஏற்றது என்பதைக் கனிய வளங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள்.

மணலுக்குள் ஒரு தேவாலயம்

மணற்காட்டில் பழைய அந்தோனியார் தேவாலயத்தின் இடிபாடுகள் உள்ளன. கல்லாற் கட்டிய சுவர்களின் கீழ்ப்பகுதி மணலுள் மூழ்கி, வளைவுகள் மேலே தெரிகின்றன. கட்டியவர்கள் மணலுக்குள் கட்டவில்லை, மணல் பின்னர் வந்தது. "மணற்குன்றுகள் இடம்பெயர்கின்றன என்பதற்குச் சான்று தருக" என்று வினா வந்தால், சகாராவைத் தேடிப் போகவேண்டியதில்லை. இதனை எழுதுங்கள்.

அருகே கிராமத்தவரின் சேமக்காலை. மணலுக்குள் சிலுவைகள் நிற்கின்றன. மாணவர் தாமாகவே சத்தத்தைக் குறைத்தார்கள். 2004 மார்கழி 26 ஆம் திகதி சுனாமி இக்கரையைக் கடுமையாகத் தாக்கியது. தெற்கே உடுத்துறையில் அதில் இறந்தோருக்கான நினைவாலயம் உண்டு. சுனாமியையும் மணற்குன்றையும் இணைத்து ஒரு செய்தி: 2005 தையில் எமது தீவின் கரைகளை ஆராய வந்த அறிவியலாளர் குழு, யால பகுதியில் கடற்காட்சிக்காக மணற்குன்று அகற்றப்பட்டிருந்த இடம் முற்றாக அழிந்ததையும், குன்று எஞ்சியிருந்த அயற்பகுதி பெரும்பாலும் தப்பியதையும் பதிவுசெய்தது. குன்று எல்லா அலையையும் தடுக்கும் என்று எழுதிவிடாதீர்கள். அலையின் உயரம், குன்றிலுள்ள இடைவெளிகள், கடலடியின் வடிவம் எல்லாம் சேர்ந்தே சேதத்தைத் தீர்மானிக்கின்றன. இடைவெளி உள்ள இடத்தால் நீர் இன்னும் வேகமாகப் புகும்.

மணலைக் கட்டிவைக்கும் செடிகள்

கடலுக்கு மிக அண்மையில் அடம்பன் கொடியும் இராவணன் மீசையும் படர்ந்திருந்தன. "அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு" என்பார்கள். அது ஒற்றுமைக்குச் சொன்னதாயினும் புவியியலுக்கும் பொருந்தும். கொடியின் ஒவ்வொரு கணுவிலும் வேர்விட்டு, பறக்கும் மணலை அது பிடித்துக்கொள்கிறது. மணல் மூடினால் மேலும் வளர்ந்து மீண்டும் பிடிக்கிறது. புதிய குன்று இப்படித்தான் தொடங்குகிறது. சற்று உள்ளே தாழை, எருக்கலை, பிறகு பனை.

நண்பகலில் நிழல் தேடிச் சவுக்கங்காட்டுக்குள் நுழைந்தோம். வனவளத் திணைக்களத்தினால் மணலைக் கட்டுப்படுத்த நாட்டப்பட்ட காடு இது. காற்றில் அதன் இரைச்சல் கடலின் இரைச்சலைப் போலவே இருந்தது. இங்கே மூன்று தவறுகளைத் திருத்திக்கொள்ளுங்கள். சவுக்கு ஊசியிலை மரமன்று. ஊசிபோலத் தெரிவன மெல்லிய கிளைகள், உண்மையான இலைகள் அவற்றின் கணுக்களில் செதில்களாக ஒட்டியுள்ளன. இரண்டாவது, இது இயற்கைக் காடன்று, நாட்டிய காடு. மூன்றாவது, "கசூரினா கடற்கரை" என்பது காரைநகரில் உள்ளது, மணற்காட்டில் அன்று. சவுக்கின் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணங்கிகள் வளியிலுள்ள நைதரசனை நிலைப்படுத்துவதால் வளங்குறைந்த மணலிலும் அது வளர்கிறது. ஆனால் அதன் சருகு தடிப்பாக மூடுவதால் கீழே வேறு செடி முளைப்பது அரிது. காட்டுக்குள் சென்றபோது அடம்பன் கொடி ஒன்றேனும் காணவில்லை என்பதை மாணவர்களே கவனித்துச் சொன்னார்கள்.

கிணற்றடிக் கேள்வி

போத்தல் தண்ணீர் முடிந்துவிட்டது. அருகிலிருந்த வீடொன்றில் கேட்டபோது வீட்டுக்கார அம்மா கிணற்றைக் காட்டினார். ஆழமில்லாத கிணறு. வாளி உடனே தண்ணீரைத் தொட்டது. குடித்துப் பார்த்தோம், உப்புக் கரிக்கவில்லை. "ஆடி ஆவணியிலையும் இறைக்கிறம், மாஸ்டர். கீழை போகும், ஆனா வத்தாது" என்றார் அவர்.

அப்போதுதான் அந்த மாணவி கேட்டாள்: "சேர், இது பாலைவனமெண்டால் கிணத்திலை எப்பிடித் தண்ணி? அதுவும் கடலுக்குப் பக்கத்திலை, உப்பில்லாமல்?"

அன்றைய நாளின் முழுப்பயனும் இக்கேள்விதான். விடையை இரண்டாகப் பிரித்துப் பார்ப்போம்.

முதலாவது, இது பாலைநிலமன்று. பாலைநிலத்தை மணலைக்கொண்டு வரையறுப்பதில்லை, வறட்சியைக் கொண்டே வரையறுக்கிறோம். ஆண்டு மழைவீழ்ச்சி 250 மில்லிமீற்றரிலும் குறைந்த, ஆவியாதல் அதனிலும் பலமடங்கான பிரதேசமே பொதுவாகப் பாலைநிலம் எனப்படும். யாழ்ப்பாணத்தின் சராசரி ஆண்டு மழைவீழ்ச்சி 1,200 மில்லிமீற்றருக்குச் சற்று மேல். அதன் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் கிடைத்துவிடுகிறது. இலங்கையில் மிகக்குறைந்த மழைபெறும் தென்கீழ், வடமேல் கரைகளிற்கூட ஏறத்தாழ 900 மில்லிமீற்றர் கிடைக்கிறது. ஆகவே இத்தீவில் பாலைநிலம் இல்லை. மணற்காடு உலர் வலயத்திலுள்ள கரையோர மணற்குன்றுத் தொகுதி.

உண்மையான பாலைநிலத்துக்கு அண்மை உதாரணம் இந்தியாவின் தார். இந்திய, பாக்கிஸ்தான் எல்லைப்புறத்திலுள்ள ஜெய்சல்மேரில் ஆண்டு மழை ஏறத்தாழ 200 மில்லிமீற்றர். அங்கே 3,162 சதுர கிலோமீற்றர் பரப்பில் "பாலைவன தேசியப் பூங்கா" உண்டு. அருகிவரும் கானமயில் வாழும் இடம் அது. அங்கும் உல்லாசப் பயணிகள் காலையிற் சென்று குன்றேறி மாலையில் திரும்புகிறார்கள். ஆனால் அப்பூங்காவிலேயே மணற்குன்றுகள் ஏறத்தாழ ஐந்திலொரு பங்குதான். மீதி பாறையும் பரலும் உப்புத்தரையும் புல்வெளியும். எனவே மணல் இருப்பதெல்லாம் பாலைநிலமுமன்று, பாலைநிலமெல்லாம் மணலுமன்று. தமிழ்நாட்டில் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்துச் செந்நிறத் தேரிக்காடுகளும் மணற்காடு போலவே தோற்றத்தால் ஏமாற்றுபவை.

இரண்டாவது, தண்ணீர். மணல் மழையை ஓடவிடுவதில்லை. சீமெந்துத் தரையில் விழுந்த மழை வழிந்தோடும், களிமண்ணில் தேங்கி ஆவியாகும். மணலில் விழுந்த மழை மணிகளுக்கிடையே உடனே இறங்கிவிடுகிறது. மேற்படை விரைவில் உலர்ந்து கீழுள்ள ஈரத்துக்கு மூடிபோலாகிறது. இதனை நீங்களே சோதிக்கலாம். மணலின் மேற்பரப்பில் வெப்பமானியை வைத்து வாசியுங்கள். பிறகு முழங்கையளவு தோண்டி, அடியில் வைத்து வாசியுங்கள். கையாற் பிடித்துப் பாருங்கள், மேலேயுள்ள மணல் விரலிடுக்கால் ஒழுகும், கீழேயுள்ளது ஈரமாக உருண்டையாகும். எங்கள் மாணவர் இச்சோதனையை மூன்று இடங்களிற் செய்தார்கள். மூன்றிலும் கீழே ஈரம்.

இறங்கிய நீர் எங்கே தங்குகிறது? காலையில் படத்தில் பார்த்ததை நினைவுகூருங்கள். இரு பக்கமும் உப்பு நீர். அந்த உப்புநீர் நிலத்தின் கீழும் ஊடுருவியுள்ளது. நன்னீர் உவர்நீரிலும் சற்று இலேசானதால் அதன்மேல் மிதக்கிறது. நடுவில் தடித்தும் இரு கரைகளிலும் மெலிந்தும் இருப்பதால் இதனை நன்னீர் வில்லை என்கிறோம். நன்னீரின் அடர்த்தி 1.000, கடல்நீரின் அடர்த்தி ஏறத்தாழ 1.025. இவ்வேறுபாட்டைக் கொண்டு கணித்தால், நன்னீர் மட்டம் கடல் மட்டத்திலிருந்து 1 மீற்றர் உயர்ந்திருக்க, அதன் கீழ் ஏறத்தாழ 40 மீற்றர் ஆழம் வரை நன்னீர் இருக்கலாம். இது கொள்கையளவான கணிப்பு. ஒடுங்கிய நிலத்துண்டிலும் அடியிற் பாறை மாறும் இடத்திலும் ஆழம் குறையும். ஆனால் விகிதத்தைக் கவனியுங்கள். மேலே அரை மீற்றர் குறைந்தால் கீழே இருபது மீற்றர் குறையும். உவர்நீர் அவ்வளவுக்கு மேலெழும்.

இந்தக் கரையின் ஊர்ப்பெயர்களை மீண்டும் வாசியுங்கள். மருதங்கேணி. வெற்றிலைக்கேணி. கேணி என்றால் நீர்நிலை. பெயர் வைத்தவர்கள் இதனைப் பாலைவனம் என்று எண்ணவில்லை. மணலிற் சிறிது தோண்டி நீரெடுக்கும் ஆழமற்ற குழியைத் துரவு என்று நம் ஊரில் சொல்வதும் இதே அறிவிலிருந்து வந்தது.

மணல் போகும் வழி

பிற்பகலில் சவுக்கங்காட்டுக்கு அப்பால் நடந்தபோது குன்றொன்று பாதியில் வெட்டப்பட்டதுபோல் நின்றது. அது காற்றின் வேலையன்று. காற்று ஆக்கும் சாய்வை நாம் காலையில் பார்த்தோம், இது செங்குத்தாக இருந்தது. நிலத்தில் உழவு இயந்திரச் சில்லின் தடம். வெட்டிய இடத்தின் அடியில் பள்ளம் விழுந்து, அதில் தண்ணீர் வெளித்தெரிந்தது. மூடி இல்லாத அந்த நீர் வெயிலில் ஆவியாகிக்கொண்டிருந்தது.

வடமராட்சி கிழக்கில் அனுமதியின்றி மணல் அகழ்வது பல ஆண்டுகளாகப் பத்திரிகைகளில் வரும் செய்தி. சட்டம் இல்லாமலில்லை. 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சராசரி உயர்நீர் எல்லையிலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயமாகும். அங்கு மணல் எடுக்க அனுமதி வேண்டும். அதற்கப்பாலும் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் தேவை.

இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவன் குறுக்கிட்டான். அவனுடைய தந்தை மேசன். "மணல் அள்ளக்கூடாதெண்டால் வீட்டை எதாலை கட்டிறது, சேர்?"

நியாயமான கேள்வி. ஏனைய மாவட்டங்களில் கட்டட மணல் ஆற்றிலிருந்து வருகிறது. குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றுமில்லை. மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாற்றை விட்டால் சொல்ல வேறில்லை. அடியிலிருப்பது மயோசீன் காலச் சுண்ணக்கல், அதில் மழைநீர் மேலே ஓடாமல் உள்ளே இறங்கிவிடும். ஆறில்லாத நிலத்தில் ஆற்றுமணல் எப்படி வரும்? போர் முடிந்தபின் ஆயிரக்கணக்கான வீடுகளை மீளக் கட்டவேண்டியிருந்தது. சுனாமியில் அழிந்த வீடுகள் அதற்கு முன்னரே. வன்னியிலிருந்து ஆற்றுமணல் கொண்டுவந்தால் ஏற்றுக்கூலியே பெருந்தொகை.

ஆகவே "மணல் எடுப்பது தவறு" என்று மட்டும் எழுதும் விடை அரைவிடை. எங்கே, எவ்வளவு, யாருடைய கண்காணிப்பில் என்பதையும் எழுதவேண்டும். வீதியையும் வீட்டையும் மூடிவரும் பறந்த மணலை அனுமதியுடன் அகற்றுவது ஒன்று. கடலுக்கு முன்னால் நிற்கும் குன்றையும் நீர்மட்டத்துக்கு அண்மையான மணலையும் வெட்டுவது வேறு. முன்னதைப் பேசலாம், பின்னதைத் தொடவே கூடாது என்பது என் கருத்து. அம்மாணவன் இதை முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. "அனுமதிச் செலவோடை மணல் வாங்க எல்லாராலையும் ஏலாது, சேர்" என்றான். அதுவும் உண்மை.

திரும்பும் வழியில் இன்னொன்றைக் காட்டினேன். இதே கரையில் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024 இல் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நீரை வழங்கக்கூடியது. கடல்நீரை மிகுந்த அமுக்கத்துடன் நுண்மென்சவ்வினூடே செலுத்தி உப்பைப் பிரிக்கவேண்டும், அதற்கு இடைவிடாது மின்சாரம் வேண்டும். யாழ்ப்பாணத்தின் நீர்த்தேவைக்கு இது தேவையானதே. ஆயினும் மின்சாரமின்றி மழைநீரைச் சேர்த்துத்தரும் மணலை ஒரு பக்கத்தில் உழவு இயந்திரத்தில் ஏற்றிவிட்டு, மறுபக்கத்தில் கடல்நீரைக் காய்ச்சாத குறையாகக் குடிநீராக்குகிறோம். இவ்விரண்டும் ஒரே வீதியில் நடக்கின்றன.

மாலை : சுண்டிக்குளம்

வாகனத்தில் தெற்கே சென்றோம். குடாநாடு பெருநிலத்துடன் சேரும் பக்கத்தில், யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்கள் சந்திக்கும் எல்லைப்புறத்தில் சுண்டிக்குளம் உள்ளது. 1938 இல் பறவைகள் சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பட்டு, 2015 இல் தேசியப் பூங்காவாகத் தரமுயர்த்தப்பட்டது. இரணைமடுவின் வழியே வரும் கனகராயன் ஆற்றின் நீர் இங்குள்ள கடனீரேரியை அடைகிறது. நன்னீரும் கடல்நீரும் கலக்கும் ஆழமற்ற நீர்ப்பரப்பில் சிறு இறால் இனங்களும் பாசிகளும் பெருகுகின்றன. அவற்றை உண்ணப் பூநாரைகள் வருகின்றன. பூநாரையின் இளஞ்சிவப்பு நிறமும் அவ்வுணவிலிருந்தே கிடைக்கிறது. மாரிகாலத்தில் மத்திய ஆசியாவிலிருந்தும் வடக்கேயுள்ள பிற நாடுகளிலிருந்தும் வலசை வரும் பறவைகள் பங்குனியளவில் திரும்பத் தொடங்கும்.

பூங்காவுக்குள் செல்வதற்கு வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி பெறவேண்டும். தொலைநோக்கி இரவல் கிடைத்தால் எடுத்துச் செல்லுங்கள், எங்களிடம் ஒன்றே இருந்ததால் சிறு சண்டை நடந்தது. நீரின் அப்பாலே இளஞ்சிவப்புக் கோடாகப் பூநாரைகள் நின்றன. ஒருபுறம் வங்கக்கடல், மறுபுறம் ஏரி, நடுவில் மணல். காலையில் படத்தில் விரலால் தொட்ட இடம் இதுவே.

விடை எழுதும் முறை

வினா : "மணற்காடு ஒரு பாலைநிலமாகும்." இக்கூற்றை ஆராய்க.

பலர் எழுதுவது: "மணற்காட்டில் மணல் அதிகம், வெப்பம் அதிகம், மரங்கள் குறைவு. எனவே அது பாலைநிலம்." இவ்விடையில் வரையறை இல்லை, தரவு இல்லை.

எழுதவேண்டியது இதைப்போன்று: "பாலைநிலம் என்பது ஆண்டு மழைவீழ்ச்சி 250 மி.மீ இலும் குறைந்த வறண்ட பிரதேசமாகும். மணற்காடு அமைந்துள்ள யாழ்ப்பாணக் குடாநாடு 1,200 மி.மீ இற்குச் சற்று மேற்பட்ட மழையைப் பெறுகிறது. எனவே அது பாலைநிலமன்று, வாடைக்காற்றினால் கரைமணல் குவிக்கப்பட்டு உருவான கரையோர மணற்குன்றுத் தொகுதியாகும். மணலினூடே இறங்கும் மழைநீர் உவர்நீரின்மேல் நன்னீர் வில்லையாகத் தங்குவதால் ஆழமற்ற கிணறுகளில் நன்னீர் கிடைக்கிறது." வெளிக்களத்திற் கண்ட ஒரு சான்றையும் (புதைந்த தேவாலயம், கிணறு, ஈரமணல்) சேர்த்தால் விடை உங்களுடையதாகும்.

பயிற்சி

1. மணற்குன்றொன்றின் குறுக்குவெட்டு முகத்தை வரைந்து, காற்று மோதும் பக்கம், காற்றொதுக்குப் பக்கம், காற்றின் திசை என்பவற்றைக் குறிக்க.

2. 1:50 000 படத்தில் இரு இடங்களுக்கிடையிலான நேர்கோட்டுத் தூரம் 7 சென்ரிமீற்றர். நிலத்தில் அத்தூரம் எவ்வளவு?

3. (அ) நன்னீர் வில்லை என்பதனால் விளங்குவது யாது?
(ஆ) கரையோரக் கிணறொன்றில் அளவுக்கு மிஞ்சி நீர் இறைத்தால் அது உவராவது ஏன்?

4. அடம்பன் கொடி, சவுக்கு ஆகிய இரண்டும் மணலைக் கட்டுப்படுத்தும் விதங்களில் உள்ள வேறுபாடு ஒன்றைத் தருக.

5. உமது ஊரில் வீடு கட்டும் ஒருவரிடமும், கிணற்றுநீரை நம்பி வாழும் ஒருவரிடமும் மணல் அகழ்வு பற்றிக் கேட்டறிக. இருவர் கூறுவதையும் பதிவுசெய்து, கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் நீர் முன்வைக்கும் யோசனையை ஒரு பக்கத்தில் எழுதுக.